இராமகிருஷ்ண பிள்ளை, சுதேசாபிமானி (1878–1916): இளமையும் கல்வியும்

திருவிதாங்கூரின் பத்திரிகை ஆசிரியர், அரசியல் சிந்தனையாளர். கார்ல் மார்க்ஸின் வாழ்க்கையை மலையாளத்தில் முதலில் எழுதியவர். அவருடைய நாடுகடத்தலைப் பற்றி நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. அந்த நாடுகடத்தலுக்கு இட்டுச்சென்ற துணிவு விளைந்த மண் அவருடைய மாணவப் பருவமே.

நெய்யாற்றின்கரையை அடுத்த அதியன்னூரில் 1878 மே 25 அன்று பிறந்தார். தந்தை நரசிம்மன் போற்றி கோயில் பூசகர். தாய் சக்கியம்மா நாயர் குலத்தவர். மருமக்கத்தாய முறைப்படி பிள்ளைகள் தாய்வீட்டைச் சேர்ந்தவர்கள். குடும்ப அதிகாரம் தாய்மாமன் கையில். நாஞ்சில் நாட்டு வேளாளரிடமும் இம்முறை இருந்ததால் தமிழருக்கு இது புதிதல்ல. இராமகிருஷ்ணனின் படிப்பும் மாமனின் ஆதரவிலேயே நடந்தது.

நெய்யாற்றின்கரை ஆங்கில நடுநிலைப் பள்ளியிலும், பின்னர் திருவனந்தபுரம் அரசுப் பள்ளியிலும் பயின்று 14 வயதில் மெட்ரிகுலேஷன் தேறினார். தெற்கிலிருந்து தலைநகருக்கு வரும் பழைய சாலை கரமனை, கிள்ளிப்பாலம், ஆரியசாலை கடந்து சாலைக் கடைவீதியில் ஏறும். திவான் ராஜா கேசவதாஸ் அமைத்த அந்தக் கடைவீதியில் தமிழ் வணிகரும் மலையாளிகளும் கலந்து புழங்கினர். கோட்டைக்குள் அரண்மனை, கோட்டைக்கு வெளியே சந்தை, அதற்கும் வடக்கே கல்லூரி: நெய்யாற்றின்கரைச் சிறுவன் கண்ட தலைநகர் இது.

1834இல் ராஜாவின் இலவசப் பள்ளியாகத் தொடங்கி 1866இல் கல்லூரியான மகாராஜா கல்லூரி, அன்று சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தது. அங்கே படித்து 1898இல் பி.ஏ. தேறினார். கேரளவர்மா வலிய கோயித்தம்புரான், ஏ. ஆர். ராஜராஜவர்மா, பேட்டையில் ராமன் பிள்ளை ஆசான், உள்ளூர் பரமேசுவர ஐயர் ஆகியோரின் பழக்கம் அவருடைய மலையாள நடையைச் செதுக்கியது. எனினும் அரசியலை அவர் கற்றது வகுப்பறையில் அல்ல, பத்திரிகை வாசிப்பில்தான். அவர் பள்ளியில் படித்த 1891இல், அரசுப் பதவிகள் வெளியூர்ப் பிராமணருக்கே போவதை எதிர்த்துப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்ட மலையாளி மெமோரியல் மகாராஜாவிடம் அளிக்கப்பட்டது. ஆட்சியைக் கேள்வி கேட்கலாம் என்பதை அத்தலைமுறை கண்முன்னே கண்டது.

பட்டதாரிக்கு அக்காலத்தில் அரசு உத்தியோகம் காத்திருந்தது. அவரோ 1899இல் ‘கேரள தர்ப்பணம்’ இதழின் ஆசிரியரானார். மாமனுக்கு அது பிடிக்கவில்லை. வீட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. மருமக்கத்தாயக் குடும்பத்தில் மாமனை இழப்பது சோற்றையும் கூரையையும் இழப்பதாகும். பின்னாளில் திவானுக்கு அஞ்சாத பேனா முதலில் எதிர்த்து நின்றது மாமனைத்தான். 1901இல் சாதி உட்பிரிவுத் தடையை மீறி மணம் செய்ததும் அதே போக்கில்தான்.

1906இல் வக்கம் அப்துல் காதர் மௌலவி நடத்திய ‘சுதேசாபிமானி’யின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றார். திவான் பி. ராஜகோபாலாச்சாரியைக் கடுமையாகத் தாக்கி எழுதியதால் 1910 செப்டம்பர் 26 அன்று அச்சகம் பறிக்கப்பட்டது. அவரை நாடுகடத்தி, போலீஸ் காவலுடன் திருநெல்வேலிக்குக் கொண்டுபோய் விட்டார்கள். அதே ஆண்டில், புலையர் குழந்தைகளை மேல்சாதிக் குழந்தைகளோடு ஒரே வகுப்பில் சேர்ப்பதை, குதிரையையும் எருமையையும் ஒரே நுகத்தில் பூட்டுவதற்கு ஒப்பிட்டு எழுதியிருந்தார். கல்வியால் உயர்ந்த ஒருவர் கல்வியை மறுத்து எழுதிய அவ்வரிகள் அவர் பெயரில் நீங்காத கறை.

ரஷ்யப் புரட்சிக்கு ஐந்தாண்டு முன்பே, 1912இல், மார்க்ஸ் நூல் வெளிவந்தது. ‘விருத்தாந்த பத்திரப் பிரவர்த்தனம்’ என்னும் இதழியல் நூலும் அவருடையது. 1916 மார்ச் 28 அன்று கண்ணூரில் காசநோயால் இறந்தார். பையாம்பலம் கடற்கரையில் அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய சிலை திருவனந்தபுரம் பாளையத்தில், அவர் படித்த கல்லூரிக்கு அருகே நிற்கிறது.