தலைவாழை இலையும் தமிழர் பந்தியும்

மதுரைப் புறஞ்சேரியில், மாதரி என்னும் இடைக்குல மடந்தையின் அடைக்கலத்தில், கண்ணகி தன் கணவனுக்கு உணவு சமைத்துப் படைக்கிறாள். சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையில் வரும் இப்பகுதி, ஒருவருக்கு உண்ணும் இடத்தை ஒழுங்கு செய்து இலையிடும் முறையைப் படிப்படியாகக் காட்டும் அரியதொரு பழஞ்சித்திரமாகும். அங்குப் பந்தலில்லை, தோரணமில்லை, உறவினர் கூட்டமும் இல்லை. பலாக்காய், வெள்ளரிக்காய், மாதுளங்காய், மாங்கனி, வாழைக்கனி, செந்நெல் அரிசி, ஆவின் பயன் ஆகியவற்றை ஆய்ச்சியர் தருகின்றனர். சமையலுக்குப் பழகாத கண்ணகியின் விரல்கள் காயரிந்து சிவக்கின்றன. மாதரியின் மகள் ஐயை தன்னால் இயன்றதைச் செய்து உடனிருக்கிறாள். பனையோலைத் தவிசில் கோவலன் அமர்கிறான். சுடுமண் கலத்து நீரால் அவன் அடிகளைத் தூய்மை செய்தபின், தரையில் நீர் தெளித்துத் தன் கையால் தடவி, இளவாழையின் குருத்திலையை விரிக்கிறாள் கண்ணகி. உண்டு முடித்தவனுக்கு வெற்றிலையும் பாக்கும் தருகிறாள்.

நீர் தெளித்தல், இலை விரித்தல், படைத்தல், தாம்பூலம் அளித்தல் என்னும் இவ்வரிசை இன்றும் எந்தத் தமிழ்க் கல்யாண வீட்டிலும் மாறாதிருக்கிறது. ஆயின் காப்பியம் சொல்லாமல் விட்ட ஒன்றும் இங்கு உண்டு. கண்ணகி உண்டாளா என்பதை அடிகள் கூறவில்லை. தாம்பூலம் பெற்ற கோவலன் அவளைத் தழுவித் தன் பிழைகளை எண்ணி வருந்திச் சிலம்பொன்றை வாங்கிக்கொண்டு நகருக்குள் செல்கிறான். இலையிட்டவளின் உணவு பற்றிய பேச்சு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. தமிழர் விருந்தின் வரலாற்றை இலையின் அழகிலிருந்து தொடங்குவோர் பலர். இலையை விரித்தவர் எவர், இலைக்கு முன் அமர்ந்தவர் எவர், அமர இடம்பெறாதவர் எவர் எனக் கேட்டுத் தொடங்கினால் அவ்வரலாறு வேறொரு முகம் காட்டுகிறது.

தொடக்க காலத்தில் வாழையிலை ஒன்றே உண்கலமாக இருந்ததென்று கொள்ளுதற்கில்லை. பெரும்பாணாற்றுப்படையில் வழிநடைப் பாணர் சுற்றம் தேக்கிலையில் குவித்த உணவைப் பெறுகிறது. சிறுபாணாற்றுப்படையின் நல்லியக்கோடனோ பொற்கலத்தில் படைக்கிறான். நடுவே பெருங்கலமும் அதனைச் சூழச் சிறுகலங்களும் இருந்த அவ்வமைப்பைப் புலவர், இளஞாயிற்றைக் கோள்மீன்கள் சூழ்ந்த காட்சிக்கு ஒப்பிடுகிறார். உண்கல அலங்காரத்தைப் பற்றிய தமிழ்க் கற்பனைகளுள் இதனை விஞ்சியது எளிதில் கிடைக்காது. அதனினும் சிறப்பாகக் கருதத்தக்கது, வறிய பாணர்க்கு அரசன் தானே நின்று ஊட்டுகிறான் என்பது. பரிமாறுவது தாழ்ந்தோர் தொழில் என்னும் எண்ணத்துக்கு அங்கு இடமில்லை.

குடும்ப விழாவின் ஒப்பனையைக் காட்டுவது நல்லாவூர் கிழாரின் அகநானூற்றுப் பாடல் (86). வரிசையாகக் கால் நட்ட பந்தல், அதன்கீழ்ப் பரப்பிய புதுமணல், ஏற்றிய விளக்கு, தொங்கவிட்ட மாலை, உழுந்து சேர்த்துச் சமைத்த குழைவான சோறு என அத்திருமண வீடு நம் கண்முன் விரிகிறது. மகப்பெற்ற மகளிர் நால்வர் மணமகளை நீராட்டுகின்றனர். பிற்காலத் திருமணங்களில் மணலின் இடத்தைச் சாணமெழுகலும் கோலமும் கொண்டன. பந்தலும் விளக்கும் மாலையும் அப்படியே நின்றுவிட்டன.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய அப்பூதியடிகள் புராணம் இவ்வகையில் மிகுதியும் போற்றத்தக்கது. திங்களூருக்கு வந்த திருநாவுக்கரசரை அப்பூதியார் அமுதுக்கு அழைக்கிறார். வாழைக்குருத்து அரிந்துவரச் சென்ற மூத்த மகனை அரவு தீண்டுகிறது. நஞ்சு தலைக்கேறுமுன் இலையைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டுமென ஓடிவந்து, தாயின் கையில் அதனைத் தந்துவிட்டு அவன் வீழ்கிறான். பெற்றோர் உடலை மறைத்துவைத்து விருந்துக்கு ஏற்பாடு செய்கின்றனர். ஓர் இலையின் விலை இவ்வளவா என்று படிப்போர் திகைக்கும் இடம் இது. பின்னர் நாவுக்கரசரின் பதிகத்தால் மகன் உயிர்பெற்று எழுகிறான்.

அதன்பின் நிகழும் விருந்தைச் சேக்கிழார் சொல்லும் முறையில் ஓர் ஆய்வாளர்க்குரிய நுட்பம் காணப்படுகிறது. தரையைச் சாணநீரால் மெழுகி, வெண்சுதையால் அணிசெய்து, விளக்கேற்றி, குருத்திலையை விரித்து நீரால் கழுவி, அரிந்த பக்கம் வலப்புறம் அமையுமாறு மரபுப்படி வைத்தனர் என்கிறார் அவர். நுனி இடப்பக்கம் இருக்கவேண்டும் என இன்று பாட்டிமார் வற்புறுத்தும் விதி இதுவேயன்றோ? அதனைச் சேக்கிழார் தம் காலத்திலேயே மரபென்று குறிப்பதால், அவர்க்கு முன்பே அது நிலைபெற்றிருக்க வேண்டும். அவ்விருந்தில் நாவுக்கரசர் அப்பூதியாரையும் அவர் புதல்வர்களையும் தம்மோடு உண்ணுமாறு பணிக்கிறார். அப்பூதியார் அந்தணர், நாவுக்கரசர் வேளாளர். இருவரும் அருகருகே அமர்ந்து உண்டதைப் பெரியபுராணம் எவ்விதத் தயக்கமும் இன்றிப் பதிவு செய்கிறது. இல்லத்து மாதர் அமுதெடுத்து நல்கினர் என்றும் சொல்கிறது. ஒரு வேலி அங்கே விழுந்தது. மற்றொன்று இருந்தபடியே இருந்தது.

திருக்குறளின் ஒன்பதாம் அதிகாரமாகிய விருந்தோம்பலை இவ்விடத்து நினைத்தல் தகும். விருந்தினரை முதலில் ஊட்டி, எஞ்சியதை உண்பது இல்வாழ்வானின் பெருமையாக அங்குப் பேசப்படுகிறது. மிச்சிலை உண்பவன் வீட்டுத் தலைவன்! நடைமுறையில் அக்கடமை மெல்ல மெல்ல இல்லாளின் மேல் இறங்கிற்று. விருந்தினரோடு தலைவனும் முதற்பந்தியில் அமர்ந்துகொள்ள, பெண்டிர் கடைசிப் பந்திக்குக் காத்திருப்பது வழக்கமாயிற்று. அறநூல் ஆணுக்கு விதித்ததைப் பெண்ணின் இயல்பென்று மாற்றி உரைத்த சாமர்த்தியத்தை எந்த உரையாசிரியர்மேலும் ஏற்றுதற்கில்லை. அது அடுக்களையில் எழுதப்பட்ட உரை.

இனி, இலையின் இலக்கணத்தைச் சற்றே காண்போம். நுனியோடு கூடியது தலைவாழை இலை அல்லது நுனியிலை. நுனி நீக்கிய துண்டு ஏடு. கவிதை எழுதுவதற்கும் கறிசோறு உண்பதற்கும் தமிழர் ஒரே சொல்லை வழங்கியிருப்பது புலவர்கள் எண்ணி மகிழத்தக்க செய்தி. இலையின் மேற்பாதி உப்பு, ஊறுகாய், பச்சடி, பொரியல், கூட்டு முதலியவற்றுக்கு உரியது. கீழ்ப்பாதி சோற்றுக்கு உரியது. உண்டபின் தம்மை நோக்கி இலையை மடிப்பது மங்கல விருந்தின் அடையாளம். உறவு தொடரவேண்டும் என்பது அதன் பொருளென்பர். துக்க வீட்டில் எதிர்ப்புறமாக மடிப்பது பல ஊர்களின் வழக்கம். ஊருக்கு ஊர் உணவும் வேறுபடும். நாஞ்சில் நாட்டுப் பந்தியில் அவியலும் புளிசேரியும் பாயசமும் இன்றியமையாதவை. பாயசத்தை இலையிலேயே வார்த்துக் கையால் வழித்து உண்ணத் தெரியாதவரை அங்கு வெளியூரார் என்று கண்டுகொள்வர். திருநெல்வேலிச் சைவ வேளாளர் இல்லங்களில் திருமணத்துக்கு மறுநாள் சொதி விருந்து நடைபெறும்.

இலைக்கு இலை எல்லை வகுக்காத பந்தியும் தமிழகத்தில் உண்டு. காயல்பட்டினத்து முசுலிம்களின் களரி விருந்தில் சகன் என்னும் பெரிய தட்டைச் சூழ அமர்ந்து ஒரே கலத்தில் கைபோட்டு உண்பர். தென்மாவட்டத் திருச்சபைகளின் விழாக்களில் ஊர்கூடி உண்ணும் அசனம் பெயர்பெற்றது. அசனம் என்பது உணவைக் குறிக்கும் வடசொல். தேவாலய வளாகத்தில் அது தனித்தமிழ்போல் வழங்குகிறது.

பந்தி என்னும் சொல்லும் வடமொழிப் ‘பங்க்தி’யின் வழிவந்ததே. வரிசை என்பது அதன் பொருள். நீண்ட பந்திப்பாயை விரித்து, தோளோடு தோள் ஒட்ட அமர்ந்து, ஒரே அளவான இலையில் ஒரே உணவைப் பெறுவது காண்பதற்குச் சமத்துவத்தின் உருவமாகவே தோன்றும். ஓர் இலைக்கு நெய் மிகுதியாகவும் மற்றோர் இலைக்குக் குறைவாகவும் வார்ப்பதைப் ‘பந்தி வஞ்சனை’ என்று பெயரிட்டுப் பெரும்பாவமாகக் கருதினர் நம் முன்னோர். அமர்ந்தவரிடையே வேற்றுமை பாராட்டுவதற்கு இப்படி ஒரு சொல் படைத்த சமுதாயம், அமரவே விடாமல் கொல்லைப்புறத்தில் நிறுத்திச் சொந்தப் பாத்திரத்தில் சோறு வாங்கிச் செல்லச் செய்ததற்கு ஒரு சொல்லைப் படைத்துக்கொள்ளவில்லை. பாவமென்று தோன்றாததற்குப் பெயரெதற்கு? விதைத்தவனும் அறுத்தவனும் வாழையைக் கன்றிலிருந்து வளர்த்தவனும் அவ்வாறு நின்றவர்களே என்பதைத் தனியே சொல்லவேண்டியதில்லை. உண்டெழுந்த எச்சில் இலைகளை அள்ளும் பணியும் அவர்களையே சார்ந்திருந்தது.

1867ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் நாள் வடலூரில் வள்ளலார் சத்திய தருமச்சாலையைத் தொடங்கியபோது பசி ஒன்றே அங்கு அமர்வதற்குரிய தகுதியாயிற்று. சாதி, சமயம் கேளாது உணவளிக்கும் அச்சாலையின் அடுப்பு அன்றுதொட்டு அணையாது எரிந்து வருகிறது. ஆயினும் அது ஊர்ப் பந்திகளை உடனே மாற்றிவிடவில்லை.

மாற்றம் ஒரு பூசலாக வெடித்தது சேரன்மாதேவியில். வ.வே.சு. ஐயர் 1922இல் தொடங்கிய குருகுலத்துக்குத் தமிழ்நாட்டுக் காங்கிரசு ஐயாயிரம் ரூபாய் வழங்கியிருந்தது. தேசப்பற்றை ஊட்ட எழுந்த அவ்விடத்தில் பிராமண மாணவர் இருவர்க்குத் தனியே உணவிடப்பட்டது. பெற்றோர் வேண்டியதற்கு இணங்கிச் செய்த ஏற்பாடு அது. ஐயர் தாம் சாதி வேற்றுமை பாராட்டாதவர். திருக்குறள் முழுவதையும் ஆங்கிலத்தில் பெயர்த்து 1916இல் வெளியிட்டவர். விருந்தோம்பல் அதிகாரம் அவர் அறியாததன்று. இரண்டே இரண்டு இலைகள் தனியே விரிக்கப்பட்டன என்பதற்காக இவ்வளவு சீற்றமா என்று அக்காலத்தில் கேட்டவர்கள் உண்டு. வரதராசுலு நாயுடுவும் பெரியாரும் அந்த இரண்டு இலைகளையே குறித்து வாதிட்டனர். பொதுப்பணத்தில் நடக்கும் இடத்தில் எல்லா இலைகளும் ஒரே வரிசையில் இருத்தல் வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. காலம் அவர்கள் பக்கமே நின்றது. ஐயர் குருகுலப் பொறுப்பிலிருந்து விலகினார். 1925 சூன் மாதம் பாபநாசத்து அருவியில் மகளைக் காக்க முயன்று அவர் உயிர்நீத்தது தமிழிலக்கியத்துக்கும் பேரிழப்பு. அவ்வாண்டின் இறுதியில் பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறியதற்கு வகுப்புவாரி உரிமைச் சிக்கலோடு இப்பூசலும் பின்னணியாயிற்று.

அடுத்த களங்கள் புகைவண்டி நிலையங்களும் உணவகங்களுமாக அமைந்தன. நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணர்க்கெனத் தனியிடம் ஒதுக்கும் முறை 1941இல் நீங்கிற்று. உணவகப் பெயர்ப்பலகைகளில் சாதியடை இருத்தலாகாதென 1957இல் சென்னையில் மறியல் நிகழ்ந்தது. அதற்கு முன்னரே 1950ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் தீண்டாமையை ஒழித்திருந்தது. ஆகத்து 15ஆம் நாளன்று திருக்கோயில்களில் அமைச்சரும் அலுவலரும் ஊராரோடு அமர்ந்து உண்ணும் பொது விருந்து பின்னாளில் அரசு வழக்கமாகவே நிலைபெற்றது.

இப்பொது விருந்துகளினும் வலிமைமிக்க பந்தி பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தில் நிகழ்ந்தது எனலாம். 1956இல் காமராசர் ஆட்சியில் விரிவுபெற்று, 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவாக வளர்ந்த திட்டம், எவரெவர் பிள்ளைகளையோ ஒரே வரிசையில் தட்டேந்தி அமரவைத்தது. அங்கு இலையில்லை, கோலமில்லை, தாம்பூலமில்லை. எனினும் தமிழகம் கண்ட மிகப்பெரிய பந்தி அதுவே. அதன் அடுப்படியிலும் பழைய வேலி தலைதூக்காமலில்லை. 2018 சூலையில் அவிநாசி வட்டத்து அரசுப் பள்ளியொன்றில், பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் சமைக்கக்கூடாதெனப் பெற்றோர் சிலர் தடுத்தனர். அவரை இடமாற்றிய ஆணை, எழுந்த எதிர்ப்பினால் கைவிடப்பட்டது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்கும் பதிவாயிற்று. உடன் அமர்வதை ஏற்றவர்களும் சமைக்கும் கையை ஏற்கவில்லை என்பது இங்குக் கருதத்தக்கது. கண்ணகியின் கையை எண்ணிப் பார்க்க வேண்டிய இடமும் இதுவே.

மேசை தமிழருக்குப் போர்ச்சுகீசியர் தந்த சொல். திருமண மண்டபங்கள் பெருகிய இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பந்திப்பாய் சுருட்டி வைக்கப்பட்டு நீள்மேசை வந்தது. முழங்கால் நோவுள்ள முதியோர் அதனை வாழ்த்தினர். மேசைமேல் காகிதச் சுருளும் நெகிழித்தாளும் விரிக்கப்பட்டன. 2019 சனவரி முதல் நாளன்று நடைமுறைக்கு வந்த தமிழக அரசின் தடையில் உணவு மேசையில் விரிக்கும் நெகிழித்தாளும் அடங்கும். வாழையிலை வடிவில் வெட்டிப் பச்சை வண்ணம் பூசிய தாளிலைகளும் பல விருந்துகளில் காணப்பட்டன. உண்மையான இலை மலிவாக விளையும் நாட்டில் அதற்குப் போலி செய்யப்பட்டதை வியப்பதா, நோவதா? நின்றபடி தட்டேந்தி உண்ணும் முறையும் நகரங்களில் பரவிற்று. அதில் முதற்பந்தி, கடைசிப் பந்தி என்னும் பூசல் இல்லை. ‘இன்னும் கொஞ்சம் போடட்டுமா’ என்னும் குரலும் இல்லை.

கடைசிப் பந்தி மட்டும் மண்டபங்களில் இன்றும் உண்டு. மாப்பிள்ளை வீட்டார் புறப்பட்டு, வாழைமரங்களை அவிழ்க்கும் ஓசை வாயிலில் கேட்கும் வேளையில் அது கூடுகிறது. பரிமாறிய இளைஞர்கள், பாத்திரம் துலக்கிய பெண்கள், இலையெடுத்தவர்கள், காலையிலிருந்து காப்பியோடு நின்ற மணமகளின் அத்தைமார் ஆகியோர் வந்து அமர்வர். அவர்களுக்கு எவரும் நீர் தெளிப்பதில்லை; இலைக்கட்டிலிருந்து தாமே எடுத்து விரித்துக்கொள்வர். அப்போது கட்டில் நுனியிலை தீர்ந்திருக்கும்; ஏடுகளே மிஞ்சியிருக்கும்.