கோபுரம் மலையான கதை

தஞ்சைத் தரணியில் கல் என்பது விலைப்பொருள். நம் வீட்டு அம்மியும் ஆட்டுரலும் வாசற்படிக் கல்லும் வெளியூரிலிருந்து வண்டியேறி வந்தவையே. கிணறு தோண்டினால் களிமண், அதன்கீழ் மணல், மறுபடியும் களி, பாறை தட்டுப்படுவதில்லை. மேற்கே மலைப்பாறைகளைத் தேய்த்துப் பொடியாக்கிக் காவிரி கொண்டுவந்து பரப்பிய வண்டலின் மீதே நாம் குடியிருக்கிறோம். 1010இல் குடமுழுக்குக் கண்ட பெரிய கோயிலுக்கு வேண்டிய கருங்கல்லும் வெளியிலிருந்தே வந்தது. மலை இல்லாத நாட்டில் சுமார் 216 அடி உயரத்திற்கு எழுந்த கல்மலை அது. அதனை, ஏறத்தாழ 800 ஆண்டுகள் கழித்து, மலையாகவே பயன்படுத்த முயன்ற ஒருவரைப் பற்றி இங்கே எழுதுகிறோம். ஒளி, வெப்பம் என்று நம் பிள்ளைகள் பொருளறியாமல் மனப்பாடம் செய்யும் பாடங்கள் பலவும் அவர் செய்த வேலைக்குள் அடங்கியிருக்கின்றன.

அவர் பெயர் வில்லியம் லாம்டன். கும்பினியார் படையில் அதிகாரி. பூமியின் வடிவத்தையும் பரப்பையும் அளக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை; தம் கைக்கு வந்த நாட்டைத் துல்லியமாக அறிந்துகொள்ள வேண்டும் என்பது கும்பினியாரின் ஆசை. சரபோஜி மன்னரிடமிருந்து தஞ்சை நாட்டின் ஆட்சியை 1799இல்தான் அவர்கள் பெற்றிருந்தார்கள். அளவு என்றால் வரிக்கும் ஆட்சிக்கும்தான் என்று நம் மக்கள் ஐயுற்றிருந்தால் அதில் வியப்பில்லை.

ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கமும் இரண்டு கோணங்களும் தெரிந்தால் மற்றவை கணக்கில் கிடைத்துவிடும். அந்த முதற் பக்கத்தை லாம்டன் 1802இல் சென்னைப் பரங்கிமலை அருகே அளந்தார். ஏழரை மைல் நீளம். பிடித்த நாள்கள் 57. 100 அடி எஃகுச் சங்கிலியால் அளப்பதற்கு இத்தனை நாளா என்று கேட்கலாம். வெயிலில் எஃகு நீளும். பாரன்ஹீட் கணக்கில் 20 பாகை வெப்பம் ஏறினாலே ஏழரை மைலில் சுமார் 5 அடி பிழை வந்துவிடும். ஆகவே சங்கிலியை நிழலில் கிடத்தி, பக்கத்தில் வெப்பமானியை வைத்து, ஒவ்வொரு முறையும் கணக்கைத் திருத்தினார்கள்.

அதன்பிறகு வேண்டியவை உயர்ந்த இடங்கள். பூமி உருண்டை என்பதால் பார்வைக்கு எல்லை உண்டு. வரப்பின்மேல் நிற்பவனின் கண் 5 அடி உயரத்தில் இருந்தால் அடிவானம் மூன்று மைலுக்கும் குறைவு. நாகூரின் 131 அடி உயரமுள்ள பெரிய மனாராவின் உச்சியிலிருந்து அது 14 மைல். பெரிய கோயில் உச்சியிலிருந்து 18 மைல். கடலிலிருந்து கரைதிரும்பும் மரக்காயர்களுக்கு மனாராவின் உச்சி முதலிலும் அடிப்பாகம் பிறகும் தென்படுவது இதனால்தான். மற்ற இடங்களில் குன்றேறிப் பார்த்த லாம்டனுக்குத் தென்னையும் பனையும் மறைத்த இந்தச் சமவெளியில் கோயில் கோபுரங்களைத் தவிர வேறு வழி இல்லை.

ஒளி நேர்கோட்டில் செல்லும் என்ற நம்பிக்கையில்தான் தொலைவிலுள்ள கொடியைக் குறிபார்க்கிறோம். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்று முன்னோர் சிலர் எண்ணியிருந்ததை மறுத்து, பொருளிலிருந்து ஒளி கண்ணுக்கு வருகிறது என்று ‘கிதாபுல் மனாளிர்’ நூலில் நிலைநாட்டியவர் பஸராவில் பிறந்த இப்னுல் ஹைதம். ஒரு பொருளிலிருந்து இன்னொன்றிற்குச் செல்லும்போது ஒளி திசை மாறுவதையும் அவர் ஆராய்ந்தார். இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. நம் வயல்வெளியில் உச்சிவேளையில் கானல் அலைய, தொலைவிலுள்ள மரம் நடுங்குகிறதே, அது சூடான காற்றில் ஒளி வளைவதால்தான். குளிர்ந்த இரவில் அது வேறு விதமாக வளைந்து, மறைந்திருக்கும் தொலைப்பொருளைச் சற்றே தூக்கிக் காட்டும்.

இப்னுல் ஹைதமின் காலத்தவரான அல்பீரூனி, இன்று பாகிஸ்தானிலுள்ள நந்தனாக் கோட்டை மலையில் நின்று, அடிவானம் கண்மட்டத்திற்குக் கீழே எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளந்து பூமியின் ஆரத்தைக் கணக்கிட்டார். அவர் கண்ட கோணம் 34 கலை. ஒரு பாகையில் பாதிக்குச் சற்றே கூடுதல். ஒளியின் வளைவை அந்தக் கணக்கில் அவர் சேர்க்கவில்லை. எனினும் ஒரு மலையும் ஒரு கோணமும் கொண்டு உலகையே அளக்கத் துணிந்த அந்த உள்ளத்தை என்னென்பது!

1808இல் லாம்டன் தஞ்சைக்கு வந்தார். கோணம் அளக்கும் அவருடைய தியோடலைட் அரை டன் எடை. அதன் கிடைவட்டம் 36 அங்குலக் குறுக்களவு. கப்பலில் வரும்போதே பிரெஞ்சுக்காரர் கையில் சிக்கி, மொரிஷியஸ் சென்று, பிறகு பெருந்தன்மையோடு திருப்பி அனுப்பப்பட்ட கருவி அது. பெரிய கோயிலில் கயிறு கட்டி மேலே ஏற்றுகையில் தாங்கு கயிறு அறுந்தது. கருவி கற்சுவரில் மோதியது. நுண்ணிய கோடுகள் செதுக்கிய வட்டம் நெளிந்து போயிற்று. எவரும் இனி உதவாது என்றே சொல்லியிருப்பார்கள். லாம்டன் கூடாரத்துக்குள் புகுந்துகொண்டார். ஆறு வாரம் ஆப்பும் திருகாணியும் கப்பியும் கொண்டு வட்டத்தை மயிரிழை மயிரிழையாக இழுத்துப் பழைய வடிவுக்குக் கொண்டுவந்தார். வேலை தெற்கே தொடர்ந்தது.

கயிறு பிடித்த கைகள் யாருடையவை என்று ஏடுகள் கூறவில்லை. ஆனால் அத்துறையில் பிற்காலத்தில் உழைத்த ஒருவரின் பெயர் மட்டும் தப்பியிருக்கிறது. ஆர்க்காட்டைச் சேர்ந்த சையித் மீர் முஹ்ஸின் ஹுஸைன். சென்னையில் நுண்தொழில் செய்துகொண்டிருந்தவரை 1820களில் கல்கத்தாவுக்கு அழைத்துச் சென்றார்கள். லாம்டனுக்குப் பின் பொறுப்பேற்ற எவரெஸ்ட், பழுதான கருவிகளை இவரிடம் ஒப்படைத்து, இவருடைய கைத்திறனில் மனம் பறிகொடுத்தார். ஆங்கிலேயரான பாரோ வகித்த கணிதக் கருவியாளர் பதவி எவரெஸ்டின் பரிந்துரையால் 1843இல் முஹ்ஸின் ஹுஸைனுக்குக் கிடைத்தது. உலகின் மிக உயர்ந்த சிகரத்திற்கு 1865இல் எவரெஸ்டின் பெயரைச் சூட்டினார்கள். ஆர்க்காட்டில் முஹ்ஸின் ஹுஸைன் பெயரால் ஒரு தெருவேனும் உண்டா என்று அவ்வூர் வாசகர்கள் விசாரித்து எழுதினால் மகிழ்வோம்.