வாமி பார் உடைந்துவிட்டதா? புதியதை வாங்கும் முன் மரையைப் பாருங்கள்

மின் கித்தாரில் தந்திக்கு அடுத்தபடியாக எளிதில் உடையக்கூடிய பாகங்களில் ஒன்று, பிரிட்ஜின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் வளைந்த கம்பி. இளைஞர்கள் இதனை 'வாமி பார்' என்பார்கள். கடைக்காரர்கள் 'டிரெமொலோ ஆர்ம்' என்பார்கள். அதை அழுத்தினால் சுருதி இறங்கும். விட்டால் பழைய நிலைக்குத் திரும்பும்.

உடைந்த பாரை மாற்றுவது பெரிய வேலை அல்ல. ஆனால், அளவு பார்க்காமல் வாங்கிய பாரை வலுக்கட்டாயமாகத் திருகினால், கித்தாரின் உள்ளே இருக்கும் உலோகக் கட்டையின் மரை பாழாகிவிடும். சிறு செலவில் முடிய வேண்டிய வேலை, பிரிட்ஜையே மாற்றும் செலவில் போய் நிற்கும். பழைய கித்தாரை வாங்கிப் பழகும் மாணவருக்கு அது சிறிய இழப்பு அல்ல.

மாற்றும் முன் எதைப் பார்க்க வேண்டும், உள்ளே சிக்கிய துண்டை எப்படி எடுப்பது, எந்தக் கட்டத்தில் பழுதுபார்ப்பவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதை இங்கே பார்ப்போம்.

பெயரில் ஒரு குழப்பம்

'டிரெமொலோ' என்பது நடுங்குதல் என்று பொருள்படும் இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. இசையில் அது ஒலியின் அளவு கூடிக் குறைவதைக் குறிக்கும். சுருதி ஏறி இறங்குவதற்கு 'விப்ராட்டோ' என்று பெயர். வாமி பார் செய்வது இந்த இரண்டாவது வேலையைத்தான். கர்நாடக இசையில் கம்பிதம் எனப்படும் கமகத்துக்கு இது நெருக்கமானது.

1954-இல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கித்தாரை அறிமுகப்படுத்திய லியோ ஃபெண்டரின் நிறுவனம், அதன் பிரிட்ஜுக்கு 'டிரெமொலோ' என்று பெயர் வைத்தது. அதே நிறுவனத்தின் பல ஆம்பிளிஃபையர்களில், ஒலியளவை நடுங்கச் செய்யும் வசதிக்கு 'விப்ராட்டோ' என்று பெயரிடப்பட்டது. இரு பெயர்களும் இடம் மாறியது இன்றுவரை தொடர்கிறது. எனவே, டிரெமொலோ ஆர்ம், விப்ராட்டோ ஆர்ம், வாமி பார் என்று எந்தப் பெயரில் தேடினாலும் கிடைப்பது ஒரே பொருள்தான்.

நம் வட்டாரத்துக்கும் இந்தக் கம்பிக்கும் பழைய தொடர்பு உண்டு. 1961-இல் கிளிஃப் ரிச்சர்டும் 'தி ஷேடோஸ்' குழுவினரும் சிங்கப்பூரில் நிகழ்ச்சி படைத்தனர். ஷேடோஸின் முன்னணி கித்தார் கலைஞர் ஹேங்க் மார்வின், ஸ்ட்ராட்டோகாஸ்டரின் பாரைக் கையில் பிடித்தபடியே மெட்டு வாசிப்பதில் பேர்போனவர். 1960-களில் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் எழுந்த 'பாப் யே யே' கித்தார் குழுக்களின் இசையில் அந்தப் பாணியின் தாக்கத்தைக் கேட்கலாம்.

உங்கள் கித்தார் எந்த வகை?

முதலில் பிரிட்ஜின் வகையை அறிந்துகொள்வது அவசியம்.

ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகை: பிரிட்ஜ் தகட்டுக்குக் கீழே, கித்தார் உடலுக்குள் ஓர் உலோகக் கட்டை தொங்கும். பெரும்பாலான மாடல்களில் பாரின் அடிமுனையில் மரை இருக்கும். அது கட்டையில் உள்ள துளைக்குள் திருகப்படும். பள்ளி மாணவர்கள் வாங்கும் தொடக்கநிலை கித்தார்களில் பல இந்த வகையே. இதன் சில மாடல்களில் மரையே இல்லாமல் செருகும் பாரும் உண்டு.

ஃபிளாய்ட் ரோஸ் வகை: 1979-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு. தந்திகளை நட்டிலும் பிரிட்ஜிலும் பூட்டி வைக்கும். பார் நேராகக் கட்டைக்குள் திருகப்படாது. தகட்டில் உள்ள தனிப் பிடிப்பானில் பொருத்தப்படும். பிடிப்பான்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடும் என்பதால், பிரிட்ஜின் மேல் பொறித்திருக்கும் பெயரைக் குறித்துக்கொண்டு அதற்குரிய பாரையே கேட்டு வாங்க வேண்டும்.

பிக்ஸ்பி வகை: கித்தாரின் மேற்பரப்பில் அமர்ந்திருக்கும் அகலமான அமைப்பு. பார் வெளிப்படையாகவே ஒரு போல்ட்டால் பிடிக்கப்பட்டிருக்கும்.

அதிகம் உடைவதும் அதிகம் தவறாக மாற்றப்படுவதும் முதல் வகை என்பதால், கீழே சொல்லப்படுபவை அதற்கே உரியவை.

ஏன் உடைகிறது?

பாரின் தண்டு முடிந்து மரை தொடங்கும் இடமே அதன் பலவீனம். மரை வெட்டப்பட்டதால் அந்த இடத்தில் உலோகம் மெலிந்திருக்கும். அழுத்தும் விசை முழுவதும் அங்கேதான் குவியும். பாரைக் கழற்றாமல் கித்தாரைப் பைக்குள் திணிப்பது, கித்தார் சாய்ந்து விழுவது, பார் தளர்ந்து ஆடும் நிலையிலேயே தொடர்ந்து வாசிப்பது ஆகியவை முக்கியக் காரணங்கள். நம் நாட்டு ஈரப்பதமும் கை வியர்வையும் சேர்ந்தால் மரையில் துரு பிடிக்கும். துருப்பிடித்த பாரை முறுக்கிக் கழற்றும்போது அது முறியலாம்.

உள்ளே சிக்கிய துண்டை எடுக்கும் முறை

பார் முறிந்தால் மரைப்பகுதி பெரும்பாலும் துளைக்குள்ளேயே தங்கிவிடும். உடனே டிரில்லைக் கையில் எடுக்க வேண்டாம். பார் இறுக்கமாகப் பொருத்தப்படும் பாகம் அல்ல என்பதால், அந்தத் துண்டு பல நேரங்களில் எளிதாகவே சுழன்று வெளியே வரும்.

முதலில் தந்திகளைத் தளர்த்துங்கள். சாதாரண அளவுத் தந்திகள் ஆறும் சுருதியில் இருக்கும்போது அவற்றின் மொத்த இழுவிசை சுமார் 38 முதல் 46 கிலோ வரை இருக்கும். அந்த நிலையில் பிரிட்ஜில் கை வைப்பது நல்லதல்ல. கண்ணாடி அணிந்துகொண்டு, கித்தாரின் மேற்பரப்பைத் தடித்த துணியால் மூடுங்கள்.

துண்டு சற்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், பூட்டுக் குறடால் கவ்வி இடஞ்சுழியாகத் திருப்பினால் போதும். துளைக்குள் அமிழ்ந்திருந்தால், கூரிய ஊசி முனையை முறிந்த பரப்பின் ஓரத்தில் ஊன்றி, இடஞ்சுழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுங்கள். துரு இருந்தால் ஒரு துளி துரு நீக்கி எண்ணெய் விட்டு, சில மணி நேரம் கழித்து மீண்டும் முயலலாம். எண்ணெய் மரத்தில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதற்கும் வராவிட்டால், அடுத்த வழி துண்டின் தலையில் ஒரு கோடு வெட்டி ஸ்க்ரூடிரைவரால் திருப்புவது. அல்லது இடஞ்சுழி டிரில் முனையாலும் உடைந்த திருகாணியை எடுக்கும் கருவியாலும் எடுப்பது. இவை பழகிய கைக்கு உரியவை. அந்தக் கருவி மிகக் கடினமான எஃகால் ஆனது. அது துளைக்குள் முறிந்தால் சாதாரண டிரில் அதைத் துளைக்காது. அனுபவம் இல்லாதவர்கள் இந்தக் கட்டத்தில் நிறுத்திக்கொண்டு, பழுதுபார்ப்பவரிடம் கொடுப்பதே புத்திசாலித்தனம்.

துண்டு வெளியே வந்ததும் கித்தாரை ஒரு துணியின் மேல் கவிழ்த்துப் பாருங்கள். சில கித்தார்களில் துளையின் அடியில் மிகச் சிறிய ஸ்பிரிங் ஒன்று இருக்கும். பார் தளர்ந்து தொங்காமல் இருக்க உதவுவது அதுதான். அதைத் தொலைத்துவிடாதீர்கள்.

ஒரு போல்ட்டில் தெரிந்துவிடும் அளவு

இனிதான் முக்கியமான கட்டம். ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகை பார்களில் மூன்று மரை அளவுகள் பரவலாக உள்ளன.

அமெரிக்கத் தயாரிப்புகளில் பெரும்பாலும் 10-32 என்ற அளவு பயன்படுகிறது. 10 என்பது விட்டத்துக்கான எண். 32 என்பது ஓர் அங்குலத்தில் உள்ள மரைகளின் எண்ணிக்கை. இதன் விட்டம் சுமார் 4.8 மில்லிமீட்டர். ஆசியத் தயாரிப்புகளில் 5 மில்லிமீட்டர் அல்லது 6 மில்லிமீட்டர் மரை இருக்கும். ஒரே நிறுவனத்தின் கித்தார்களிலேயே ஆண்டுக்கும் தொழிற்சாலைக்கும் ஏற்ப அளவு மாறலாம். ஆகவே, கித்தாரின் தலையில் உள்ள பெயரை மட்டும் நம்பி வாங்கக் கூடாது.

இதில் 6 மில்லிமீட்டரைக் கண்ணாலேயே கண்டுபிடித்துவிடலாம். சிக்கல் மற்ற இரண்டில்தான். 10-32 அளவில் ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் இடையே சுமார் 0.79 மில்லிமீட்டர், 5 மில்லிமீட்டர் வகையில் 0.8 மில்லிமீட்டர். விட்டத்திலும் வேறுபாடு 0.2 மில்லிமீட்டருக்குள்தான். சாதாரண அளவுகோலில் இது தெரியாது. 10-32 பாரை 5 மில்லிமீட்டர் துளையில் இட்டால் உள்ளே போகும், ஆனால் ஆடும். 5 மில்லிமீட்டர் பாரை 10-32 துளையில் இட்டால், ஓரிரு சுற்று போய் இறுகிக்கொள்ளும். அங்கேதான் பலர் குறடை எடுத்து முறுக்குகிறார்கள். பார் எஃகு, விலை குறைந்த கித்தார்களில் கட்டையோ மென்மையான துத்தநாகக் கலவை. தோற்பது கட்டைதான்.

இதைத் தவிர்க்க ஒரு சுலபமான வழி உண்டு. ஹார்ட்வேர் கடையில் 5 மில்லிமீட்டர் போல்ட் ஒன்றும் 6 மில்லிமீட்டர் போல்ட் ஒன்றும் சாதாரண மரையில் கேளுங்கள். விரலால் பிடிக்க வசதியாகச் சற்று நீளமாக இருக்கட்டும். துளையைச் சுத்தம் செய்துவிட்டு, முதலில் 5 மில்லிமீட்டர் போல்ட்டை விரலால் மட்டும் திருகிப் பாருங்கள்.

அது மரையைப் பிடிக்காமல் வழுக்கி இறங்கினால், துளை 6 மில்லிமீட்டர். இன்னொரு போல்ட்டை இட்டு உறுதி செய்துகொள்ளலாம்.

ஆடாமல் வழவழப்பாகக் கடைசிவரை இறங்கினால், துளை 5 மில்லிமீட்டர்.

ஓரிரு சுற்றில் இறுகி நின்றால், அது பெரும்பாலும் 10-32. அதற்கு மேல் திருக வேண்டாம்.

உடைந்த துண்டையும் கடைக்கு எடுத்துச் சென்று, வெர்னியர் காலிப்பரில் அளந்து பார்த்தால் முடிவு இன்னும் உறுதியாகும். இடக்கை கித்தார் என்றால் அதையும் சொல்லி வாங்குங்கள். வளைவின் திசை அதற்கு மாறுபடும்.

புதியதைப் பொருத்துதல்

துளையில் ஸ்பிரிங் இருந்திருந்தால் முதலில் அதை இடுங்கள். பாரின் மரையில் மிகச் சிறிதளவு எண்ணெய் தடவி, விரலால் வலஞ்சுழியாகத் திருகுங்கள். முதல் சுற்றிலேயே தடை தெரிந்தால், வெளியே எடுத்து மீண்டும் நேராக வைத்துத் தொடங்குங்கள். கடைசிவரை போனதும், அரைச் சுற்று பின்னோக்கித் திருப்பி விடுங்கள். பார் தேவையான பக்கம் தாராளமாகச் சுழல வேண்டும். முட்ட முட்ட இறுக்கினால் அடுத்த முறிவுக்கு அதுவே வழிவகுக்கும்.

சரியான அளவாக இருந்தும் சற்று ஆடினால், எண்ணெயைத் துடைத்துவிட்டு, தண்ணீர்க் குழாய் வேலைக்குப் பயன்படும் வெள்ளை டேப்பை மரையின் மேல் ஓரிரு சுற்று சுற்றலாம். மரை முனை உங்களை நோக்கி இருக்க, வலஞ்சுழியாகச் சுற்றினால் திருகும்போது டேப் பிரிந்து வராது. பிறகு தந்திகளைச் சுருதி சேர்த்து, பாரை மெதுவாகச் சில முறை அழுத்திவிட்டு, மீண்டும் சுருதியைச் சரிபாருங்கள்.

மரை ஏற்கெனவே போய்விட்டதா?

அப்போதும் கித்தாரை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. துளை 10-32 அல்லது 5 மில்லிமீட்டராக இருந்திருந்தால், பழுதுபார்ப்பவர் அதை 5 மில்லிமீட்டர் டிரில்லால் அகலப்படுத்தி, 6 மில்லிமீட்டர் மரை வெட்டித் தருவார். அதன் பிறகு 6 மில்லிமீட்டர் பாரைப் பயன்படுத்தலாம்.

இன்னொரு வழி, கட்டையை மட்டும் மாற்றுவது. அது பிரிட்ஜ் தகட்டுடன் பொதுவாக மூன்று திருகாணிகளால் இணைக்கப்பட்டிருக்கும். வாங்கும் முன் கட்டையின் உயரத்தையும் தந்தித் துளைகளுக்கு இடையிலான தூரத்தையும் அளக்க வேண்டும். மெல்லிய உடல் கொண்ட கித்தாரில் முழு உயரக் கட்டையைப் பொருத்தினால், அது பின்பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும்.

அடுத்த முறை உடையாமல் இருக்க

கித்தாரைப் பையில் வைக்கும் முன் பாரைக் கழற்றிப் பக்கப் பையில் போடுங்கள். பாரைப் பிடித்துக் கித்தாரைத் தூக்காதீர்கள். வாசித்து முடித்ததும் வியர்வையைத் துடைத்து, மாதத்துக்கு ஒரு முறையாவது பாரைக் கழற்றி மரையைச் சுத்தம் செய்யுங்கள்.

பழைய கித்தாரை வாங்கச் செல்பவர்கள், விலை பேசும் முன் பாரைக் கழற்றித் துளைக்குள் டார்ச் அடித்துப் பார்ப்பது நல்லது. பார் இல்லாமல் விற்கப்படும் கித்தாராக இருந்தால், உடைந்த துண்டு உள்ளே இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். கையோடு அந்த இரண்டு போல்ட்டுகளையும் கொண்டுபோனால், எந்தப் பார் வாங்க வேண்டும் என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.