யோகினியும் அளவுகோலும்: புஷ்பமாலாவின் இரு படங்களைப் பழவேற்காட்டிலிருந்து வாசித்தல்

கலைஞர் புஷ்பமாலா என்., ஒளிப்படக்காரர் கிளேர் ஆர்னி இருவரும் 2000–2004இல் உருவாக்கிய ‘தென்னிந்தியச் சுதேசிப் பெண்கள்: நடையுடை பழக்கவழக்கங்கள்’ என்னும் ஒளிப்படத் தொகுப்பைப் பெண்ணிய நோக்கில் வாசிப்போர் அதன் இரு படங்களை எதிரெதிராக நிறுத்துவதுண்டு. நீலகிரித் தோடர் பெண்ணாகப் புஷ்பமாலா தோன்றும் படம் அறிவியலின் வன்முறை; யோகினியாகத் தோன்றும் படம் அவ்வன்முறைக்கு ஆட்படாத மாந்திரிகப் பெண்ணின் மீட்சி. இந்த எதிர்நிலையைப் படங்களே ஏற்கவில்லை என்பது என் வாதம்.

தோடர் படத்தின் மூலம் தெரிந்ததே. 1869இல் இனவியலாளர் லாம்ப்ரே பட்டு நூலால் கட்டம் கட்டி உடலை அளக்கும் முறையை முன்வைத்தார். அந்தமானில் காலனிய அதிகாரி போர்ட்மன் கட்டம் போட்ட திரைக்கு முன் மனிதர்களை நிறுத்திப் படம் எடுத்தார். புஷ்பமாலா அதே கட்டத் திரைக்கு முன் தன் உடலை நிறுத்துகிறார். இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

சிக்கல் யோகினியில்தான். அதன் மூலம் பதினேழாம் நூற்றாண்டுத் தொடக்கத்தின் பீஜப்பூர் சிற்றோவியம். இப்போது டப்ளினில் செஸ்டர் பீட்டி நூலகத்தில் உள்ளது. உச்சிக்கொண்டை, பொன்னாடை, சாம்பல் பூத்த மேனி, கையில் ஒரு மைனா; பெண்ணின் உயரத்துக்குப் போட்டியாக எழும் பூக்கள்; தொலைவில் சிறுத்துத் தெரியும் அரண்மனை. தாளில் சில அங்குலமே உள்ள இவ்வுருவத்தை ஆளுயரத்துக்குக் கொண்டுவர என்ன செய்ய வேண்டும்? பூவின் உயரத்துக்கும் தோளின் உயரத்துக்குமான விகிதத்தைக் கணக்கிட வேண்டும். ஆடையின் மடிப்பு எந்த இடத்தில் விழுகிறது, மைனா முகத்துக்கு எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று பார்த்துப் பார்த்து அமைக்க வேண்டும். தோடர் படத்தில் கட்டங்கள் கண்ணுக்குத் தெரிகின்றன. யோகினியில் அவை அழிக்கப்பட்டிருக்கின்றன, அவ்வளவே. மாந்திரிகப் பெண்ணின் உருவம் கறாரான அளவெடுப்பால்தான் சாத்தியமாகியிருக்கிறது. பீஜப்பூர் ஓவியமும் யோகினிகள் தமக்காகத் தீட்டியதல்ல. அரசவைக் கண் தனக்காகச் செய்துகொண்ட தோற்றம் அது. அங்கே மீட்பதற்கு ஓர் ஆதிப்பெண் இருந்ததாகக் கொள்வதற்குச் சான்று இல்லை.

மந்திரமும் அளவெடுப்பும் எதிரெதிரல்ல என்பதையே தமிழ்நாட்டு வரலாறும் சொல்கிறது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885இல் பொறுப்பேற்ற எட்கர் தர்ஸ்டன் மன்னார் வளைகுடாவின் முத்து, சங்குக் குளிப்பைப் பற்றியும் கடலுயிர்களைப் பற்றியும் எழுதினார். மூக்கையும் மண்டையையும் அளந்தார். 1912இல் தென்னிந்தியச் சகுனங்களையும் மூடநம்பிக்கைகளையும் பற்றித் தனி நூலே வெளியிட்டார். மீனும் மூக்கும் பில்லிசூனியமும் ஒரே மேசையில்தான் அடுக்கப்பட்டன. அந்த மேசைக்கு எதிர்ப்பக்கத்தில் மந்திரம் நின்றதே இல்லை.

பீஜப்பூர் யோகினிக்கும் பழவேற்காட்டுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். ‘தென்னிந்தியச் சுதேசிப் பெண்கள்’ என்று தலைப்பிட்ட தொகுப்பு அந்தத் தொடர்பைத் தானே கோருகிறது. மேலும் வாதாடத் தேவையில்லை. நான் பழவேற்காட்டுக்கு வருவதற்கு வேறு காரணம் உண்டு. மீட்சி வாசிப்பை உயிருள்ள பெண்கள்மேல் பொருத்தினால் என்ன ஆகும் என்பதை அங்கே பார்க்க முடிகிறது.

பழவேற்காட்டு ஏரியில் இருளர் பெண்கள் வலையில்லாமல் இறால் பிடிக்கிறார்கள். பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, நீருக்குள் குந்தியவாறே நகர்ந்து, இரு கைகளாலும் சேற்றைத் தடவிப் போகிறார்கள். விரலில் இறால் தட்டியதும் அமுக்கிப் பிடித்துப் பறிக்குள் போடுகிறார்கள். சிப்பி கீறினால் கை நிற்பதில்லை. ஓதம் ஏறும் வேளை, வற்றும் வேளை, முகத்துவாரம் மண் தூர்ந்தால் தண்ணீர் எப்படி மாறும் என்பதெல்லாம் அந்த விரல்களுக்குத் தெரியும். இவ்வறிவு பிழைக்கும், திருத்திக்கொள்ளும், தாயிடமிருந்து மகளுக்குப் போகும். இதை அறிவியல் என்று அழைக்கத் தயங்குவோரின் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் மந்திரம் என்று அழைக்க எந்த நியாயமும் இல்லை.

இருளருக்குக் கன்னிமார் வழிபாடு உண்டு. மாசி மகத்துக்கு மாமல்லபுரக் கடற்கரையில் அவர்கள் திரளும்போது சாமி வந்து குறி சொல்வதும் உண்டு. அது ஒரு துறை, இறால் தடவுவது வேறொரு துறை. இரண்டையும் குழப்பாதவர்கள் அவர்கள். குழப்புவது பாராட்ட வரும் நாம்தான். ‘நீரின் மந்திரம் அறிந்தவள்’ என்று சொல்லும் கணத்தில் அவளுடைய அறிவு உரிமை கோர முடியாத ஒன்றாகிவிடுகிறது. ஏரியில் யார், எங்கே, எந்த நாளில் வலை போடுவது என்பதைப் பாடு முறை தீர்மானிக்கிறது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய பட்டினவர் என்னும் மீனவர் ஊர்களில் பாடு தலைக்கட்டுக் கணக்கில் ஆண்களுக்கே உரியது. பட்டினவர் பெண்ணுக்கு அதில் இடமில்லை. கையால் தடவும் இருளர் பெண்ணுக்கு அறவே இல்லை. இந்நிலையில் அவளுக்கு மாந்திரிகப் பட்டம் சூட்டுவது அவள் இல்லாத பாடுப் பட்டியலை அப்படியே விட்டுவைக்கிறது.

மாந்திரிகப் பட்டத்தைப் பெருமையாக்கும் போக்கு மேற்கிலும் உண்டு. சூனியக்காரி வேட்டையைப் பற்றிச் சில்வியா ஃபெடரிச்சி 2004இல் எழுதிய நூலுக்குப் பின் ‘சூனியக்காரி’ மேற்கத்தியக் கலையில் பெண்ணியத்தின் பெருமித உருவாகியிருக்கிறாள். நிலத்தை வேலியிட்டதையும் பெண்ணை எரித்ததையும் அந்நூல் சேர்த்துப் பார்த்தது சரியே. ஆனால் ஜார்க்கண்டில் ‘டாயன்’ (சூனியக்காரி) என்று பெண்களை முத்திரை குத்துவதைத் தடுக்க 2001இல் சட்டம் தேவைப்பட்டது. அந்த முத்திரையோடு ஊரைவிட்டுத் துரத்தப்பட்டு, பின்னர் அதை எதிர்த்துப் போராடிய சுட்னி மஹாதோவுக்கு 2021இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. முத்திரையைத் துடைக்கவே அவர் போராடினார், அணிந்துகொள்ள அல்ல. இதை உள்ளூர் விதிவிலக்கு என்று ஒதுக்குவோருக்கு நான் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

ஆகவே யோகினியைக் கொண்டாட்டமாகத் தனிச் சுவரில் மாட்டுவதை நான் ஏற்கவில்லை. தோடர் படத்துக்கு அருகில், ஒரே கண்மட்டத்தில், ஒரே அளவில் அதை வைக்க வேண்டும். அத்தொகுப்பிலேயே, செய்தித்தாள் படத்தைப் பார்த்துச் செய்த சங்கிலி பறிப்புப் பெண்களின் படமும் உண்டு. அதை மூன்றாவதாகச் சேர்த்தால், அளப்பவர் மாறியும் அளக்கப்படும் இடத்தில் பெண்ணே நிற்பதைப் பார்வையாளர் விளக்கக் குறிப்பின் துணையின்றியே காண்பார்.