மண்ணெண்ணெய்க் காரும் எரிவாயு ரக்சியும்



1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்கு எரிபொருள் பற்றி யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. அந்த ஆண்டு ஜூனில் மீண்டும் போர் மூண்டபின் பெற்றோல் தடைப்பொருளானது. மண்ணெண்ணெய் தட்டுப்பாடுதான், ஆனாலும் கிடைத்தது. பழைய ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொரிஸ் மைனர் எஞ்சின்களில் அமுக்கம் குறைவு. காபரேற்றரில் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினால் புகை கக்கிக்கொண்டு ஓடும். அங்கே எந்த எண்ணெய் கட்டுபடியாகும் என்பதைத் தீர்மானித்தது கொழும்பின் தடைப்பட்டியல்.

பேர்லினில் அதைத் தீர்மானித்தது வரிச்சட்டம். ஹேர்மன்பிளாட்ஸ் தரிப்பிடத்தில் ரக்சியோடு நின்ற காலத்தில் இதை நான் கணக்குப் போட்டே அறிந்தேன். 2000ஆம் ஆண்டையொட்டி, ஆயிரம் ரக்சிகளை எரிவாயுவுக்கு மாற்றும் திட்டம் ஒன்று இங்கே உதவித்தொகையோடு வந்தது. எரிவாயுவைக் கிலோவில் விற்பார்கள். ஒரு கிலோ ஏறக்குறைய ஒன்றரை லீற்றர் பெற்றோலுக்குச் சமம். விலைப்பலகையில் கிலோவையும் லீற்றரையும் அப்படியே ஒப்பிட்டு ஏமாந்தவர்கள் உண்டு.

உண்மையான இலாபம் வரியில் இருந்தது. ஜேர்மனியில் பெற்றோல் லீற்றருக்கு 65.45 சதம் எரிபொருள் வரி. எரிவாயுவுக்கு 2023 முடிவு வரை 1,000 கிலோவாற்மணிக்கு 13.90 யூரோ மட்டுமே இருந்தது. 100 கிலோமீற்றருக்கு 8 லீற்றர் குடிக்கும் கார் என்றால் பெற்றோலில் வரி 5 யூரோ 24 சதம், அதே சக்திக்கு எரிவாயுவில் அப்போது ஏறக்குறைய ஒரு யூரோதான் வந்தது. ஆண்டுக்கு 50,000 கிலோமீற்றர் ஓடும் ரக்சிக்கு வரியில் மட்டும் 2,000 யூரோவுக்கு மேல் மிச்சமானது. கடைக்கும் கோயிலுக்கும் போய் 8,000 கிலோமீற்றர் ஓடியவருக்கோ ஏறக்குறைய 340 யூரோதான் மிஞ்சியது. எரிவாயுக் காருக்குக் கூடுதலாகக் கொடுத்த காசை மீட்கவே பல ஆண்டுகள் வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வாங்கினார் என்று வாங்கியவர்களுக்கு நான் சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை!

டெல்லியில் கதை வேறு. அங்கே புகைக்காக உச்ச நீதிமன்றம் 1998இல் பேருந்துகளை எரிவாயுவுக்கு மாற்றக் கட்டளையிட்டது. முதலாளிமாருக்குக் கணக்குப் பார்க்க இடமே இருக்கவில்லை.

இங்கே சலுகை 2018 முடிவோடு தீர்வதாக இருந்தது. 2017இல் செய்த சட்டத்திருத்தம் அதை 2026 வரை நீட்டியது. ஆனால் 2024இலிருந்து படிப்படியாகக் கூடி, 2027இல் முழு வரியான 31.80 யூரோவை எட்டும்படி வகுத்தது. இதற்கிடையில் 2022இல் உக்ரேன் போர் எரிவாயு விலையையே ஏற்றிவிட்டது. கார்க் கம்பனிகளும் தங்கள் எரிவாயு மாதிரிகளை ஒவ்வொன்றாக நிறுத்தின.