உயரம் தந்த நீர்

குளியலறையின் மின்சார ஷவரில் நீர் சொட்டினால், வாஷரை மாற்றிவிட்டு அமைதி அடைகிறோம். ஆயின், அக்குழாயில் நீரைச் செலுத்தும் விசை எங்கிருந்து வந்தது என்று வினவப் புகுந்தால், அவ்வினா நம்மை ஒரு நகரத்தின் வரலாற்றுக்கே அழைத்துச் செல்லும். புனே நகரையும் அதன் அண்டையிலுள்ள நிக்டியையும் கொண்டு இதனை ஆராய்வோம்.

நீரின் அழுத்தம் என்பது உயரத்தின் மறுபெயர். பத்து மீட்டர் உயரம் நிற்கும் நீர், அடியில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர்மீதும் ஏறக்குறைய ஒரு கிலோகிராம் எடையளவு அழுத்தும். தொட்டியின் அகலம் எவ்வளவாயினும் இவ்விதி மாறாது. மொட்டைமாடித் தொட்டிக்கு இரண்டு மீட்டர் கீழேயுள்ள குளியலறைக்கு இதில் ஐந்தில் ஒரு பங்கே கிட்டும். மேல்மாடியில் வாழ்வோரின் குறைக்குக் காரணம் இதுவே.

இவ்வுண்மையைப் பேஷ்வாக்களின் காலத்துப் பொறியாளர் நன்கு அறிந்திருந்தனர். 18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், நானாசாகேப் பேஷ்வாவின் ஆட்சியில், புனேயின் தெற்கேயுள்ள காத்ரஜ் ஏரியிலிருந்து நகருக்கு நிலத்தடிக் கால்வாய் அமைக்கப்பட்டது. நீரேற்றும் பொறி எதுவும் இல்லை. நிலத்தின் சரிவே நீரை ஓட்டிற்று. வழிநெடுகக் காற்றுப் போக்கிற்கும் துப்புரவிற்கும் கட்டிய திறப்புகளை மராட்டியர் ‘உச்சுவாசம்’ என்றனர். நீர் சனிவார் வாடா மாளிகையை மட்டுமன்றி, பேட்டைகளிலிருந்த ‘ஹௌத்’ என்னும் பொதுத் தொட்டிகளையும் அடைந்தது. மலை தந்த உயரத்தை அரண்மனையும் பேட்டையும் பகிர்ந்துகொண்டன.

இனி நிக்டிக்கு வருவோம். 1972-இல் அமைந்த பிம்ப்ரி-சிஞ்ச்வட் புதுநகர் வளர்ச்சி ஆணையத்தால் இங்குக் குடியிருப்புகள் பெருகின. பவனா அணையிலிருந்து ஆற்றில் விடப்படும் நீரை ராவேத் அருகே எடுத்து, விசைப் பம்புகளால் நிக்டியின் சுத்திகரிப்பு நிலையத்திற்கு ஏற்றுகின்றனர். அங்குத் தூய்மையாகும் நீர் மேல்நிலைத் தொட்டிகள் வழியாக இல்லங்களை அடைகிறது. பேஷ்வா காலத்தில் மலை இலவசமாக அளித்த உயரத்தை, இன்று மின்சாரத்தை விலையாகக் கொடுத்துப் பெறுகிறோம்.

விலை மின்சாரத்தோடும் நிற்கவில்லை. அணையிலிருந்து நிக்டிக்கு நேரே மூடிய குழாய் பதிக்கும் திட்டம் எழுந்தது. ஆற்றில் நேரும் இழப்பும் மாசும் நீங்கும் என்றது நகரம். கரையோர வயல்களுக்கு நீர் குன்றும் என்று அஞ்சினர் மாவல் வட்டார உழவர். 2011 ஆகஸ்டு 9 அன்று, பௌர் என்னும் ஊரருகே மும்பை-புனே விரைவுச் சாலையில் நடந்த மறியலின்போது, காவல் துறையினரின் துப்பாக்கிச் சூட்டில் மூவர் உயிர் நீத்தனர். குழாய்ப் பணி பல்லாண்டுகள் நின்றது. 2019 நவம்பரில் மாநகராட்சி ஒருநாள் விட்டு ஒருநாள் நீர் வழங்கும் முறையைத் தொடங்கியது.

நீர் வரும் வேளை குறையுங்கால், சிலர் தெருக்குழாயிலேயே நேராக மோட்டாரைப் பொருத்துகின்றனர். இது அண்டை வீட்டாரின் அழுத்தத்தைக் கவர்வதாகும். அன்றியும், குழாயின் விரிசல்கள் வழியே சாக்கடை நீரையும் உள்ளே இழுக்கும். மோட்டார் வேண்டுமாயின், நம் தொட்டிக்குப் பின்னரே அதனை அமைத்தல் முறை. தொட்டியைச் சற்று உயர்த்துவதும், குறுகிய குழாயை மாற்றுவதும் செலவு குறைந்த வழிகள்.

மின்சார ஷவர் ஒழுகுவதற்கு அழுத்தக் குறைவே எப்போதும் காரணமன்று. உப்புப் படிந்து துளைகள் அடைபட்டால், வெளியேற வழியற்ற நீர் கருவியினுள் அழுத்தத்தை மிகுவிக்கும். பாதுகாப்பு அடைப்பு நெகிழ்ந்து ஒழுகும். முதலில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத் துளைத்தகட்டைக் கழற்றி வினிகரில் ஊறவைத்துத் துலக்குக. ஒழுக்கு நில்லாவிடில் மின்பணியாளரை அழைத்தலே அறிவுடைமை. மின்சாரமும் நீரும் கூடுமிடத்தில் துணிச்சல் ஆகாது.

வினாடிக்கு ஒரு துளி வீழ்ந்தால், ஒரு நாளில் நான்கு லிட்டருக்குக் குறையாது போகும். அந்நீர் அணையில் தேங்கி, ஆற்றில் ஓடி, விசையால் மேடேறி வந்தது. அதற்காக வழக்காடியோரும் உயிர் விட்டோரும் உண்டு. அதனைச் சாக்கடைக்கு விடுதல் நமக்குத் தகுமோ?