பஞ்சலிங்க தரிசனம் இல்லாத நாளில் தலக்காடு

மாதேஸ்வரன் மலைப் பகுதியில் உள்ள மார்டள்ளி, தமிழ் பேசுவோர் மிகுந்த ஊர். அது அடங்கியிருந்த கொள்ளேகால் வட்டம் 1956 வரை சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது; மொழிவழிப் பிரிவினையில் மைசூருக்குச் சென்றது; 1997இல் சாமராஜநகர் மாவட்டத்தின் பகுதியாயிற்று. மார்டள்ளியிலிருந்து ஹனூர், கொள்ளேகால் வழியே ஒரே பகலில் சென்று திரும்பக்கூடிய காவிரிக்கரைப் பேரூர் தலக்காடு.

பஞ்சலிங்க தரிசனம் நடைபெறும் ஆண்டுகளில் அங்கே பெருங்கூட்டம் திரளும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கார்த்திகை மாதத்தில் நிகழும் அவ்விழா 2013, 2020 ஆகிய ஆண்டுகளில் நடந்தது. விழா இல்லாத நாளில் செல்பவர், மணல் மேடுகளுக்கு இடையே பள்ளங்களில் நிற்கும் கோயில்களை ஆர அமரக் காணலாம். உடையார்கள் மீது அலமேலம்மா இட்ட சாபமே ஊரை மணலில் புதைத்தது என்பது மக்கள் வழக்கு. விசயநகர அமைச்சர் மாதவ மந்திரி கட்டிய அணையால் ஆற்றுப்படுகை வெளிப்பட்டு, காற்று அம்மணலை ஊர்மேல் குவித்தது என்பது ஆய்வாளர் சிலர் தரும் விளக்கம்.

மணலைப் போலவே பெயர்களும் இவ்வூரின்மேல் அடுக்கடுக்காகப் படிந்துள்ளன. கங்கர் தலைநகராக இருந்தபோது வடமொழிச் செப்பேடுகள் இதனைத் ‘தலவனபுரம்’ என்றன. ‘காடு’ அங்கே ‘வனம்’ ஆயிற்று. தமிழ் வழக்கு பெயரின் முற்பகுதியைத் தன் சொல்லாக்கித் ‘தலைக்காடு’ என்றது. ஏறத்தாழ 1004இல் ஊரைக் கைப்பற்றிய சோழர் ‘இராசராசபுரம்’ என்று பெயரிட்டனர்; கங்கபாடி ‘முடிகொண்டசோழ மண்டலம்’ ஆயிற்று. 1116இல் விஷ்ணுவர்தனனின் தளபதி கங்கராசன் சோழர்தம் ஆளுநன் அதியமானை வென்றான். ‘தலக்காடு கொண்ட’ என்னும் விருது ஹொய்சளனுக்கு உரியதாயிற்று. வெற்றியின் நினைவாகக் கீர்த்திநாராயணர் கோயில் எழுந்தது. வென்றவன் விருதில் இடம்பெற்றது பழைய பெயரே. சோழர் இட்ட பெயர் கல்லோடு நின்றுவிட்டது.

ஆட்சி மாறியதால் தமிழ் எழுத்து உடனே மறைந்துவிடவில்லை. தொண்ணூர் போன்ற இடங்களில் ஹொய்சளர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. இச்சான்றுகளைப் படிக்கும்போது இருவகைப் பிழைகள் நேர்கின்றன. கல்வெட்டு தமிழில் இருப்பதால் ஊரே தமிழ் பேசியது என முடிவு செய்வது ஒன்று. தமிழ் இங்கே அண்மையில் வந்தேறிய மொழி எனக் கொள்வது மற்றொன்று. கல்வெட்டு மொழி முதன்மையாக ஆட்சிக்கும் கொடைக்கும் உரிய மொழி. பேச்சுமொழியின் பரப்பை அதைக்கொண்டு அளக்க இயலாது. அதே வேளையில், ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகள் அருகருகே புழங்கிய நிலமே இது என்பதற்கு அக்கற்கள் ஐயமற்ற சான்று.

ஆகவே, சோழர் காலத் தலைக்காட்டிலிருந்து இன்றைய மார்டள்ளிவரை ஒரே நேர்க்கோடு வரைதல் பொருந்தாது. இடைப்பட்ட நூற்றாண்டுகளின் குடிப்பெயர்வுகளைத் தனியே ஆராய வேண்டும். எல்லைப்புறத் தமிழர் தம் குழந்தைகளுக்குத் தாய்மொழிக் கல்வி கேட்பதற்கு இராசராசனின் வெற்றி சான்றாக வேண்டியதில்லை. அம்மொழியை அவர்கள் இன்று பேசுகிறார்கள் என்பதே போதுமான சான்று.